ஈராட்ட வீரர் ஆதர் மில்ரன்

இங்கிலாந்திலே துடுப்பாட்டம் கோடைக்குரியது, உதைபந்தாட்டம் குளிர்காலத்துக்குரியது. பருவங்கள் இவ்வாறு பிரிந்து நின்றமையால், ஒருவரே இரண்டினையும் தொழிலாகக் கொள்ளுதல் நெடுங்காலம் இயல்வதாயிற்று. எனினும், இரண்டிலும் இங்கிலாந்தின் சார்பில் ஆடும் பேறு பெற்ற ஆடவர் பன்னிருவரே. அவருள் இறுதியானவர் ஆதர் மில்ரன்.

1928ஆம் ஆண்டு பிறிஸ்ரல் நகரிற் பிறந்த மில்ரன், 1945இல் இலண்டன் ஆர்சனல் கழகத்திற் சேர்ந்தார். 1948இல் குளொஸ்ரஷயர் கவுண்டி அணியில் இடம்பெற்றார். 1951 நவம்பரில், வெம்பிளி அரங்கில் ஒஸ்திரியாவுக்கு எதிராக இங்கிலாந்து அணியின் வலப்புற ஓரத்தில் ஆடினார். ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. உதைபந்தாட்டத்தில் நாட்டுக்காக அவர் ஆடியது அஃதொன்றே. 1952–53 பருவத்தில் ஆர்சனல் லீக் வாகை சூடியபோது அவரும் அவ்வணியில் விளங்கினார்.

ஆயினும், கோடையின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு பருவங்களும் ஒன்றையொன்று மேவி நின்றன. இரு கழகங்களும் ஒருவரையே வேண்டின. 1955இல் பிறிஸ்ரல் சிற்றி கழகத்துக்கு மாறிய மில்ரன், அது மூன்றாம் பிரிவின் தென்பகுதியில் முதலிடம் பெறத் துணைநின்றபின், இருபத்தேழாம் வயதிலேயே உதைபந்தாட்டத்தை நீத்தார்.

அத்தெரிவு வீண்போகவில்லை. 1958இல் கெடிங்லி மைதானத்தில், நியூசிலாந்துக்கு எதிரான தமது முதலாவது ரெஸ்ற் போட்டியில், ஆரம்ப ஆட்டக்காரராய் இறங்கி 104 ஓட்டங்களை ஆட்டமிழக்காது பெற்றார். அப்போட்டி முழுவதும் அவர் களத்தை விட்டு நீங்கவில்லை. எனினும், அவர் ஆடிய ரெஸ்ற் போட்டிகள் ஆறே. கவுண்டி ஆட்டமே அவரது வாழ்க்கைப் பணியாயிற்று. 1974இல் ஓய்வுபெற்றபோது முதற்றர ஆட்டங்களில் 32,150 ஓட்டங்களும், 56 சதங்களும், 760 பிடிகளும் அவர் பெயரில் நின்றன.

இப்புகழ் பொருளாகத் திரளவில்லை. உதைபந்தாட்ட வீரரின் ஊதியத்துக்கு உச்சவரம்பு விதித்த ஏற்பாடு 1961இலேயே நீக்கப்பட்டது. மில்ரனோ அதற்கு முன்னரே அக்களத்தை விட்டவர். எனவே, பின்னாளில் பிறிஸ்ரலிலே தபாற்காரராய்த் துவிச்சக்கரவண்டியிற் சென்று கடிதம் விநியோகித்தார். அதன் பின்னர் பத்திரிகைகளும் விநியோகித்தார். பிறிஸ்ரல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டமளித்துச் சிறப்பித்தது. 2007 ஏப்பிரலில் அவர் மறைந்தார்.

ஊதியம் உயர்ந்து, பருவங்களும் நீண்டபின், இரு களங்களிலும் ஒருவர் நிற்றல் அரிதாயிற்று. தொழிற்றிறன் வளர வளர, ஒருவனுக்கு ஒரு துறையே உரியதென்னும் நியதி வலுப்பெறுகின்றது. அதனால் விளையாட்டு அடைந்த நுட்பம் பெரிது. இழந்த அகலமும் சிறிதன்று. அவ்விழப்பின் அளவை உணர்த்தும் சான்றாக மில்ரனின் வரலாறு நிலவுகின்றது.