மருத்துவப் பணியாளர்களின் பணிச்சோர்வு

மருத்துவப் பணியாளர்களின் பணிச்சோர்வு என்பது மருத்துவர், செவிலியர் முதலியோரிடம் நீண்ட காலம் தணியாத பணி அழுத்தத்தால் ஏற்படும் உடல், உளத் தளர்ச்சி ஆகும். சில நாள் ஓய்வில் நீங்கும் களைப்பிலிருந்து இது வேறுபட்டது. 2019 இல் ஏற்கப்பட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பில், உலக சுகாதார அமைப்பு பணிச்சோர்வை ஒரு நோயாக அன்றிப் பணி சார்ந்த நிலையாக வரையறுத்துள்ளது. எனவே இதனைத் தனிமனிதரின் மன உறுதிக் குறைவாகக் கருதுவது பொருந்தாது.

வரலாறு

நியூயார்க் நகரில் தன்னார்வலர்கள் நடத்திய இலவச மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974 இல் இந்நிலையை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார். 1981 இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் ஆகியோர் இதனை அளக்கும் வினாத்தொகுப்பை வெளியிட்டனர். 22 கூற்றுகளைக் கொண்ட அது இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

கூறுகள்

மாஸ்லாக்கின் அளவீடு மூன்று கூறுகளைக் கொண்டது:
1. உணர்வு வறட்சி: பிறருக்கு அளிக்க மனத்தில் எதுவும் எஞ்சாத நிலை.
2. விலகல் மனப்பான்மை: நோயாளியை மனிதராகக் காணாமல் படுக்கை எண்ணாகவோ நோயின் பெயராகவோ மட்டும் காணுதல்.
3. நிறைவின்மை: தம் பணியால் பயனில்லை என்ற எண்ணம்.

காரணங்கள்

நீண்ட பணிநேரம், இரவுப்பணி, ஆள் பற்றாக்குறை ஆகியன முதன்மையான காரணங்கள். ஆவணப் பணியும் ஒரு காரணமாகும். 2016 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, மருத்துவர் நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவுகளிலும் மேசை வேலையிலும் கழிகிறது.

விளைவுகள்

பணிச்சோர்வு தவறுகள் நேரும் வாய்ப்புடனும், பணியிலிருந்து விலகும் எண்ணத்துடனும் தொடர்புடையது. லிண்டா ஏய்க்கன் குழுவினர் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2002 இல் வெளியானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியருக்குப் பணிச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 23 விழுக்காடும் அதிகமாக இருந்ததை அது காட்டியது. பணியாளர் நலனும் நோயாளி நலனும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இது சான்றாகும்.

தடுப்பு

தியானம், உடற்பயிற்சி, போதிய உறக்கம் போன்றவை ஓரளவு உதவும். எனினும் பணிச்சூழல் மாறாவிடில் இவற்றின் பயன் நீடிப்பதில்லை. அமைப்பு சார்ந்த நடவடிக்கைகளுள் சில பின்வருமாறு:

* பணிநேர வரம்பு: 1984 இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி மருத்துவமனையில் இறந்தார். பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணிநேரம் குறித்து இது விவாதத்தை எழுப்பியது. 1989 இல் அம்மாநிலம் வாரத்திற்கு 80 மணி நேர வரம்பை விதித்தது. 2003 இல் இவ்வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது.
* செவிலியர் விகிதம்: கலிபோர்னியாவில் 1999 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒரு செவிலியர் கவனிக்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு 2004 முதல் உச்சவரம்பு உள்ளது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இது இருவர்.
* அச்சமின்றி உதவி பெறுதல்: மனநலச் சிகிச்சை பெற்றால் உரிமத்திற்கு இடர் வரும் என்ற அச்சத்தால் பலர் உதவி நாடுவதில்லை. கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020 இல் தற்கொலையால் இறந்த மருத்துவர் லோர்னா பிரீன் பெயரில், மருத்துவப் பணியாளர்களின் மனநலம் காக்கும் சட்டம் 2022 இல் அமெரிக்காவில் நிறைவேறியது.

மருத்துவர்களின் உறுதிமொழியாகிய ஜெனீவா சாற்றுரையில், உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிக்கும் பொருட்டுத் தம் உடல்நலத்தையும் பேணுவதாக மருத்துவர் உறுதியளிக்கும் கூற்று 2017 இல் சேர்க்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.