சிறுகக் கட்டிய நிரல்

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர்க்கு அவர்கள் சொன்ன இவ்வறிவுரை, கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கும் பொருந்தும் என்பதற்குச் சுவீடன் நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஒரு வரலாறு சான்றாக நிற்கின்றது. அறிவியற் செய்தியாயினும் அதனுள் ஆசிரியர்க்குரிய பாடம் ஒன்று உண்டு. ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

எங்கள் தோட்டப்பள்ளி மாணவர் அறிவியல் விழாவிற்காக ஒரு கருவி செய்தனர். தீப்பெட்டி அளவே உள்ள பலகை. அதன்மீது விரல் நகம் போன்ற ஒரு சிப்பு. அது பள்ளித் தோட்டத்தின் வெப்பத்தை அளந்து, கம்பியின் துணையின்றி என் மேசைமீதிருந்த கணிப்பொறிக்கு அறிவித்தது. "இவ்வளவு சின்னது அவ்வளவு பெரியதோடு எப்படி ஐயா பேசுகிறது?" என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். விடை தேடிப் படிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. படித்ததன் சாரமே இக்கட்டுரை.

கணிப்பொறிகளின் பொதுமொழி

இன்று உலகத்துக் கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்வது 'டி.சி.பி./ஐ.பி.' எனப்படும் நெறிமுறையினால் ஆகும். இதற்கு வித்திட்ட கட்டுரையை அமெரிக்க அறிஞர்களாகிய விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்டனர். இணையத்தின் தாயெனத் தகும் 'ஆர்ப்பாநெட்' என்னும் வலையமைப்பு 1983 சனவரி முதல் நாள் இந்நெறிமுறைக்கு மாறிற்று. அதே ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தார் தம் யூனிக்ஸ் பதிப்போடு இதனைச் சேர்த்து வழங்கினர். அங்கிருந்து இது பல்கலைக்கழகந்தோறும் பரவியது.

இந்நெறிமுறை செய்யும் பணி யாது? நீண்ட செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கும், வரிசை குறிக்கும், அனுப்பும். பெற்றவர் "வந்து சேர்ந்தது" என ஒப்புதல் அனுப்புவார். குறித்த காலத்துள் ஒப்புதல் வரவில்லையெனில், பொட்டலம் வழியில் தொலைந்ததெனக் கொண்டு மீண்டும் அனுப்பும். பதிவுத் தபாலும் அதன் ஒப்புகை அட்டையும் அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஆனால் இத்தபால் நிலையத்தை நடத்த இடம் வேண்டும். பெருங்கணிப்பொறிகளுக்காக எழுதப்பட்ட நிரல்களுக்குச் சில நூறு கிலோபைட் நினைவகம் தேவைப்பட்டது. ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைக்கும் இடம் எனக் கொள்க. கதவுப்பூட்டு, விளக்கு, அளவுமானி முதலியவற்றினுள் பதிக்கப்படும் மலிவான சிப்புகளுக்கோ நிரலை வைக்கச் சில பத்துக் கிலோபைட்டும், எழுதியழிக்கும் நினைவகமாகச் சில கிலோபைட்டும், சிலவற்றில் சில நூறு பைட்டுமே உண்டு. பத்திரவோலைகள் நிறைந்த பெட்டகத்தைத் தீப்பெட்டிக்குள் திணிப்பது எங்ஙனம்? ஆதலின், சிறு கருவிக்கு இணையத்தின் மொழி ஆகாது என்ற கருத்து அந்நாளில் வலுவாக வேரூன்றியிருந்தது.

முயன்றவர் இல்லாமலில்லை. ஆனால் சிலர் நெறிமுறையின் கடினமான பகுதிகளையே வெட்டி எறிந்தனர். எதிரே முழுமையான நிரலுடைய பெரிய கணிப்பொறி இருக்கும்வரை அத்தகைய குறைநிரல் ஒருவாறு பேசியது. குறையைப் பெரியது தாங்கிக்கொண்டது. அத்தகைய இரண்டு சிறு கருவிகள் நேருக்குநேர் பேச நேர்ந்தாலோ, ஒன்றின் குறையைத் தாங்க மற்றொன்றுக்கு வலிமை இல்லாமற் போயிற்று.

பனித்திடலில் பிறந்த எண்ணம்

சுவீடனின் வடகோடியில் லூலியோ என்னும் நகர் உள்ளது. பனிக்கட்டித் திடலில் ஆடும் ஹாக்கி அந்நகர மக்களின் உயிர். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சித் திட்டம் வகுத்தனர். ஆட்டக்காரரின் உடலில் சிறு உணர்கருவிகளைப் பொருத்தி, நாடித்துடிப்பு போன்றவற்றை ஆட்டம் நடக்கும்போதே இணையத்தின் வழியாகக் காண்போர்க்கு அளிப்பது அவர்தம் நோக்கம். ஓடியாடும் வீரன் பெரிய கணிப்பொறியைச் சுமக்க இயலுமா? கருவி சிறிதாயிருத்தல் வேண்டும். ஆயினும் இணையத்தின் மொழியை அது பேசுதல் வேண்டும்.

இச்சிக்கலை எடுத்துக்கொண்டவர் ஆடம் டங்கல்ஸ் என்னும் இளைஞர். அப்போது அவர் அப்பல்கலைக்கழக மாணவர். தலைநகராகிய ஸ்டாக்ஹோமை அடுத்த கிஸ்தாவிலுள்ள சுவீடன் கணிப்பொறி அறிவியல் நிலையத்தோடு சேர்ந்து பணியாற்றினார். சுமையின் ஒரு பகுதியை இடையிலே நிற்கும் வேறொரு கணிப்பொறியின் தலையில் ஏற்றும் வழியையும் தம் ஆய்வேட்டில் அவர் ஆராய்ந்தார். அத்துணையின்றித் தன் காலிலேயே நிற்கவல்ல நிரல் தொகுதியையும் எழுதினார். 2001 பிப்ரவரியில் அதன் அமைப்பை விளக்கும் அறிக்கை வெளியாயிற்று. அத்தொகுதியின் பெயர் 'லைட்வெயிட் ஐ.பி.', எடை குறைந்தது என்பது பொருள். நிரலுக்கு ஏறத்தாழ 40 கிலோபைட்டும், எழுதியழிக்கும் நினைவகமாகச் சில பத்துக் கிலோபைட்டும் அதற்குப் போதும்.

அவர் அவ்வளவில் நிற்கவில்லை. அதே ஆண்டில் 'மைக்ரோ ஐ.பி.' என்னும் இன்னும் சிறிய தொகுதியையும் எழுதினார். ஏறத்தாழ 5 கிலோபைட் நிரல்; சில நூறு பைட் நினைவகம். அச்சிட்டால் சில பக்கங்களுள் அடங்கும் அளவே. எட்டு பிட் சிப்புகளும் முழு நெறிமுறையைத் தாங்கும் என்பதை 2003-இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் படித்த கட்டுரையால் மெய்ப்பித்தார்.

இவ்விரண்டும் 'சி' என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டவை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆக்கிய மொழி அது. பல்வேறு நிறுவனத்தாரின் சிப்புகளுக்கும் அம்மொழியை மாற்றித்தரும் கருவிகள் உண்டு. ஆகவே ஒருமுறை எழுதியது பல நிலத்திலும் முளைத்தது.

எதைக் குறைத்தார்? எதைக் காத்தார்?

இவ்வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணிப்பொறியும் செய்ய வேண்டியவற்றை 1989-இல் வெளிவந்த ஓர் ஆவணம் வகுத்துரைக்கின்றது. அதில் உள்ள கடமைகளை டங்கல்ஸ் இருவகையாகப் பிரித்து நோக்கினார். ஒருவகை, எதிரே உள்ள கணிப்பொறியைப் பாதிப்பவை. மற்றொன்று, தன் கருவிக்குள்ளேயே ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குச் செய்யும் வசதிகள். முதல்வகையில் அவர் கை வைக்கவில்லை. இரண்டாம் வகையிலேதான் வெட்டினார். தன் வீட்டு வசதியைக் குறைத்துக்கொண்டு, அயலார்க்குச் செய்ய வேண்டியதை முழுமையாகச் செய்யும் நல்ல குடும்பத்தின் இயல்பு இது.

இதை எப்படிச் சாதித்தார்? இரண்டு உத்திகளைக் கூறுவேன்.

வழக்கமான நிரல், ஒப்புதல் வரும்வரை அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் படியெடுத்து வைத்திருக்கும். நினைவகம் அதிலேயே தீர்ந்துவிடும். மைக்ரோ ஐ.பி. படி வைப்பதில்லை. பொட்டலம் தொலைந்தால், செய்தியைத் தந்த நிரலையே அழைத்து, "முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்" என்று கேட்கும். என் இளமையில் நோட்டுப் புத்தகம் வாங்க இயலாத பிள்ளைகள் சிலேட்டில் எழுதிப் படித்தனர். எழுதியதை அழித்தால்தான் அடுத்ததற்கு இடம். ஆசிரியர் மீண்டும் கேட்டால், மனத்திலிருந்து மீண்டும் எழுதுவர். மைக்ரோ ஐ.பி. சிலேட்டில் படித்த பிள்ளை. வரும் பொட்டலத்திற்கும் போகும் பொட்டலத்திற்கும் அதனிடம் இருப்பது ஒரே சிலேட்டு!

இரண்டாவது உத்தி, பணியாளைக் குறைத்தது. பெருங்கணிப்பொறியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்படும். இங்கே ஒரே ஒரு சுற்று. "பொட்டலம் வந்ததா? நேரம் ஆனதா?" என்று பார்த்து, ஒவ்வோர் இணைப்பாகக் கவனித்து, மீண்டும் தொடக்கத்திற்கு வரும். மாணவர் குறைந்த தோட்டப்பள்ளியில் இரண்டு ஆண்டு மாணவரை ஓர் அறையில் வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரு வரிசைக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு, மறு வரிசைக்கு வாசிப்பைத் தொடங்குவோம். எவரையும் மறவாமல் சுற்றி வருவதே அங்கு முறை.

விலையின்றி எதுவும் கிடைக்காது. ஓர் இணைப்பில் ஒரு பொட்டலம் மட்டுமே வழியில் இருக்கலாம் என்பதால் மைக்ரோ ஐ.பி.யின் வேகம் குறைந்தது. எதிரிலுள்ள கணிப்பொறி ஒப்புதலைச் சற்றே தாழ்த்தி அனுப்பும் வழக்கமுடையதாயின், ஒவ்வொரு பொட்டலத்திற்கும் 200 மில்லிநொடி வரை வாளா காத்திருக்க நேரும். இக்குறையை டங்கல்ஸ் தம் கட்டுரையிலேயே எழுதினார். வேகம் வேண்டுவோர்க்கு லைட்வெயிட் ஐ.பி. இருந்தது.

கொடையும் பரவலும்

எழுதிய நிரலை அவர் பூட்டி வைக்கவில்லை. பெர்க்கிலியார் வகுத்த உரிமமுறையைப் பின்பற்றி உலகுக்கு வழங்கினார். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளினுள்ளும் பதிக்கலாம். உரிமைக் குறிப்பை நீக்காதிருத்தலே பெருங்கட்டளை. நிறுவனங்கள் விரும்பி எடுத்துக்கொண்டன. 2003-இல் டங்கல்ஸ் வெளியிட்ட 'கொண்டிகி' என்னும் சிற்றியங்குதளத்தில் மைக்ரோ ஐ.பி. இடம்பெற்றது. 1982-இல் வெளிவந்த காமடோர் 64 என்னும் பழைய வீட்டுக் கணிப்பொறியும் அதனால் இணையத்தில் உலவிற்று. 2007-இல் முனைவர் பட்டம் பெற்ற அவரது ஆய்வேட்டுக்கு 2008-இல் ஐரோப்பிய அளவில் ரோஜர் நீதம் பரிசு கிடைத்தது.

லைட்வெயிட் ஐ.பி.யோ தன்னார்வலர் கைகளில் வளர்ந்தது. பல நாட்டார் குறை கண்டனர், திருத்தினர், 2023-இல் 2.2.0 என்னும் பதிப்பு வரை கொண்டுவந்தனர். 2014-இல் சீனத்திலிருந்து வந்து உலகெங்கும் மலிவாக விற்ற ஈ.எஸ்.பி. 8266 என்னும் சிப்பிலும், 2022-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ டபிள்யூ என்னும் பலகையிலும் இத்தொகுதியே பேசுகின்றது. எங்கள் மாணவர் கருவியிலும் பேசியது இதுவே.

மறதியின் விலை

இவ்வளவில் முடித்தால் புகழ்மாலையாகும், வரலாறாகாது.

2014-இல் இவ்விரு தொகுதிகளிலும் ஒரு குறை வெளிப்பட்டது. இணையப் பெயருக்கு எண்முகவரி கேட்கும் பகுதி, தன் வினாக்களுக்கு எளிதில் ஊகிக்கத்தக்க அடையாள எண்களை இட்டதால், பகைவன் பொய் விடை புகுத்த இடம் இருந்தது. 2020 டிசம்பரில் அதனினும் பெரிய செய்தி வந்தது. ஃபோர்ஸ்கவுட் என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர், திறந்த உரிமமுடைய இத்தகைய ஏழு தொகுதிகளை ஆராய்ந்து, அவற்றுள் நான்கில் 33 குற்றங்களைக் கண்டனர். மைக்ரோ ஐ.பி. அந்நான்கனுள் ஒன்று. தம் அறிக்கைக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'அம்னீசியா'. நினைவிழத்தல் என்பது அதன் பொருள்.

பல குற்றங்களின் வேர் ஒன்றே. வந்த பொட்டலம் தன்மேல் எழுதியிருந்த நீளத்தை நிரல் அப்படியே நம்பிற்று. உள்ளே அத்துணை எழுத்து இருக்கின்றதா என்று எண்ணிப் பார்க்கவில்லை. நல்லவர் நடுவே பிறந்த நிரல், பொய்யான கடிதமும் வரும் என்பதைப் போதிய அளவு எண்ணவில்லை. அயலார்க்குச் செய்ய வேண்டியதைக் காத்த அச்சிக்கனம், அயலாரிடமிருந்து தன்னைக் காப்பதில் தவறிற்று.

குற்றத்தினும் கொடியது மற்றொன்று. 150-க்கு மேற்பட்ட நிறுவனங்களின் பொருள்கள் இவற்றால் பாதிக்கப்படலாம் என ஆய்வாளர் மதிப்பிட்டனர். ஆனால் எந்தப் பொருளினுள் எந்தத் தொகுதி உள்ளது என்பதை விற்றவரே அறியாத நிலை பலவிடத்து இருந்தது. ஒருவர் எடுத்துத் தம் நிரலில் சேர்த்தார். அவரிடமிருந்து மற்றொருவர் வாங்கினார். கைமாறக் கைமாற மூலப்பெயர் மறைந்தது. திருத்தம் ஆயத்தமானாலும் எவர் கதவைத் தட்டிக் கொடுப்பது? கொடுத்தவன் கை தூயது. பெற்றவரின் மறதிக்கு அவன் பொறுப்பாகான். அவ்வாய்வில் லைட்வெயிட் ஐ.பி.யில் குற்றம் அகப்படவில்லை. அதனால் அது குற்றமே அற்றதென்று கொள்ளலாகாது. ஆயினும் இருபதாண்டுக் காலம் பலர் கண் அதன்மேல் இருந்தது என்பதை நாம் மறத்தற்கில்லை.

ஆசிரியத் தோழர்களே! சிறிய பள்ளியில் பணிபுரியும் நமக்கு நாள்தோறும் ஏதோ ஒன்றைக் குறைக்க வேண்டியுள்ளது. நேரமும் இடமும் ஆளும் போதா. அப்போது நம் வசதியைக் குறைக்கிறோமா, பிள்ளைக்குரியதைக் குறைக்கிறோமா என்று வினவிக்கொள்ள இந்நிரல் நமக்குக் கற்பிக்கின்றது. ஒருமுறை கொடுத்துவிட்ட பாடத்தை மறுபடி திறந்து பிழை பார்க்க வேண்டும் என்பதையும் கற்பிக்கின்றது.

அம்மாணவிக்கு நான் இவ்வரலாற்றைச் சொன்னேன். ஹாக்கி வீரர் கதையை அவள் மிக விரும்பினாள். பின்னர் விழாவில் கருவியின் பக்கத்தில் வைக்கும் அட்டையில், செய்த மாணவர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக எழுதச் சொன்னேன். கருவியினுள் உள்ள நிரல் தொகுதியின் பெயரும், பதிப்பு எண்ணும், எடுத்த நாளும் அவ்வரியில் உள்ளன. நாளை எவரேனும் ஒரு குறை கண்டு திருத்தம் அனுப்பினால், எங்கள் பள்ளிக் கதவைத் தட்டுவதற்கு அவ்வரி உதவும்.