கழிவுத் தேயிலையும் சிரட்டைக் கரியும்

மலைநாட்டுத் தேயிலையின் வரலாறு கூறுவோர், 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட 19 ஏக்கரிலிருந்து தொடங்குவது வழக்கம். கொழுந்தின் வரலாறு அது. கழிவின் வரலாற்றை எடுத்துரைப்பார் மிகச் சிலரே.

அட்டன், நுவரெலியாப் பகுதித் தொழிற்சாலைகளில் இலையை வாட்டி, அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்திச் சலித்தபின் நாரும் காம்பும் தூசும் எஞ்சுகின்றன. இவை நல்ல தேயிலையுடன் கலந்து நாட்டின் பெயரைக் கெடுத்துவிடும் என்னும் அச்சம் நெடுநாளையது. 1957 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கழிவுத் தேயிலையையும் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. சட்டத்தின் கண்ணுக்குக் கேடாய்த் தோன்றிய அதே தூசு, இரசாயன அறிஞருக்குக் கபேயினின் இருப்பிடமாய்த் தோன்றியது.

கபேயினைக் கோப்பியிலிருந்து 1819 இல் ரூங்கே பிரித்தெடுத்தார். தேயிலையில் 1827 இல் ஊத்ரி கண்ட பொருளுக்குத் 'தேயின்' என வேறு பெயர் வழங்கிற்று. இரண்டும் ஒன்றே என்பது 1838 இல் தெளிவாயிற்று. 1869 முதல் இலைத்துரு நோயால் இலங்கைக் கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பெற்றபோது, மலைச்சரிவுகளில் பயிர் மாறியதேயன்றி அவ்வுட்பொருள் மாறவில்லை.

தூசிலுள்ள கபேயினைத் தூய்மையாக்கத் துணைநின்றது கரி. கரைசலின் நிறத்தைக் கரி கவரும் என்பதை 1785 இல் லோவிட்ஸ் கண்டிருந்தார். ஆகவே, பழைய முறையிலே தேயிலைச் சாற்றின் கபேயினை நீரிற் கரைத்துக் கரியுடன் கொதிக்கவைத்து வடிப்பர். நிறப்பொருள்கள் கரியிலே தங்க, வெண்ணிறப் பளிங்குகள் கிடைக்கும். இது உட்புகுந்து ஊறும் உறிஞ்சலன்று. துளைகளின் சுவர்களிலே மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும் புறத்துறிஞ்சல். தென்னஞ்சிரட்டையைக் கரியாக்கி உயர் வெப்பத்தில் நீராவி செலுத்தினால், 1 கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் பரப்பு உண்டாகும். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுக் கவசங்களுக்கு இக்கரியை நாடியமைக்குக் காரணமும் இதுவே.

1960 களில் செர்மனியின் மூல்கைம் நகர நிலக்கரி ஆராய்ச்சி நிலையத்தில் கூர்ட் சோசெல் புதுவழி கண்டார். 31 பாகை வெப்பநிலைக்கும் 73 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேற்பட்ட காபனீரொட்சைட்டு கபேயினைக் கரைத்துச் செல்லும். ஏவப்பட்ட கரி அதனைப் பற்றிக்கொள்ளும். முன்னர் அழுக்கைப் பிடித்த கரி, இங்கே வேண்டிய பொருளையே பிடிக்கின்றது.

இலங்கையில் சிரட்டைக் கரியை ஏவப்பட்ட கரியாக்கும் ஹேகார்ப் நிறுவனம் 1973 இல் தோன்றியது. கழிவுத் தேயிலையோ தானே ஒரு நுண்துளைப் பொருள். செம்பு, ஈயம் போன்ற உலோக அயன்களை அதன் நார் நீரிலிருந்து பற்றுவதைப் பிற்காலப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.