அழித்தெழுதும்போது கணிப்பொறி ஏன் நின்றுவிடுகிறது?

உங்கள் கணிப்பொறியில் ஹார்டு டிஸ்க் எனப்படும் காந்தத் தட்டு இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தட்டில் உள்ள கோப்புகளை இரண்டாவதில் படியெடுக்கிறீர்கள். ‘இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உள்ளது; அதை அழித்து எழுதலாமா?’ என்று கணிப்பொறி கேட்கிறது. ‘ஆம்’ என்கிறீர்கள். சிறிது நேரம் வேலை நடக்கிறது. பிறகு திரையில் அசைவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பதிலில்லை. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று முணுமுணுத்தபடி உங்கள் கை மின்விசையை நோக்கிப் போகிறது.

சற்றுப் பொறுங்கள். விசையை அணைப்பதற்கு முன், இந்த அழித்தெழுதும் வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

ஒன்றை அழித்து அதே இடத்தில் வேறொன்றை எழுதுவது, கரும்பலகையைத் துடைத்து எழுதுவது போல எளிது என்றுதான் நமக்குத் தோன்றும். தொடக்கக் காலக் கணிப்பொறிகளில் அந்த வசதி இல்லை. துளை அட்டையில் துளை இட்டால் இட்டதுதான். 1950களின் தொடக்கத்தில் பழக்கத்துக்கு வந்த காந்த நாடாவில் பழைய பதிவை அழிக்க முடியும். ஆனால் நாடாவின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு பதிவை மட்டும் பிசகாமல் மாற்றி எழுதுவது இயலாது. நாடா நின்று புறப்படும் இடம் ஒவ்வொரு தடவையும் இம்மியளவாவது மாறும். பக்கத்துப் பதிவும் சேர்ந்து சிதைந்துவிடும்.

ஆகவே சம்பளப் பட்டியலானாலும் சரி, வங்கிக் கணக்கானாலும் சரி, பழைய நாடாவை முழுவதும் படித்து, அன்றைய மாற்றங்களைச் சேர்த்து, வேறொரு நாடாவில் புதிதாக எழுதினார்கள். பழைய நாடா அலமாரிக்குப் போய்விடும். இதற்குத் ‘தாத்தா, தந்தை, மகன்’ முறை என்று பெயர். மகன் கெட்டுப்போனால் தந்தையை வைத்து மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். தந்தையும் பழுதானால் தாத்தா இருக்கிறார். மெதுவான முறைதான், ஆனால் நடுவில் மின்சாரம் நின்றால் பழைய கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

1956இல் இந்த நிலை மாறியது. அமெரிக்காவின் சான் ஹோசே நகரில், ரெனால்டு ஜான்சன் தலைமையில் இயங்கிவந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தினர் ‘ராமாக்’ என்ற கணிப்பொறிக்காக ஒரு காந்தத் தட்டு நிலையத்தை உருவாக்கினார்கள். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் கோக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1200 தடவை சுழன்றன. தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 100 வட்டப் பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் 500 எழுத்துகள். பெருக்கிப் பாருங்கள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் வரும். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்தப் பொறியில், இன்று கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றுகூடக் கொள்ளுமா என்பது ஐயமே!

ஆயினும் அதன் சிறப்பு கொள்ளளவில் இல்லை. எழுதும் முனைகளைத் தாங்கிய கை, மேலும் கீழும் நகர்ந்து, வேண்டிய தட்டின் வேண்டிய பாதைக்கு ஒரு நொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அங்குள்ள பழைய எண்ணை மாற்றி அந்த இடத்திலேயே புதிய எண்ணை எழுதலாம். முழு நாடாவைப் படிக்க வேண்டுவதில்லை. கிடங்கிலிருந்து ஒரு பெட்டி போனால் அந்த நொடியிலேயே இருப்புக் குறைந்துவிடும். வணிகர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது.

தாத்தாவையும் தந்தையையும் நாம் இழந்தது இந்த வரத்துடன்தான். மாற்றி எழுதும் வேலை பாதியில் நின்றால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. 1998இல் டூரிங் பரிசு பெற்ற ஜிம் கிரே, 1981இல் எழுதிய ஓர் ஆய்வுரையில், இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும் இப்பழக்கம் ஒரு நச்சுக்கனியோ என்று கேட்டார். கணக்கர்கள் பேரேட்டில் தவறு நேர்ந்தால் அதைச் சுரண்டி அழிப்பதில்லை. திருத்தப் பதிவு ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பார்கள். பல நூற்றாண்டுகளாகக் கணக்கர்கள் அறிந்திருந்த இந்த முறையைக் கணிப்பொறியாளர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பது அவருடைய குறை. அவர் சொன்னது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

மேசைக் கணிப்பொறிகள் வந்தபோது இந்தச் சிக்கல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் ஏ, பி என்னும் எழுத்துகள் நெகிழ்தட்டுகளுக்கு உரியவை. அதனால்தான் முதல் காந்தத் தட்டு சி ஆனது. இரண்டாவதுக்குப் பெரும்பாலும் டி. அக்காலத்து டாஸ் இயக்கமுறையில் ‘காப்பி’ கட்டளை எதையும் கேட்காமல் பழைய கோப்பை அழித்துவிடும். 1993இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6.2 பதிப்பில்தான் அது ‘அழிக்கலாமா?’ என்று அனுமதி கேட்கத் தொடங்கியது.

அதே பதிப்பில் இன்னொரு திருத்தமும் செய்தார்கள். முந்தைய 6.0 பதிப்பில், எழுத வேண்டியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாகத் தட்டில் எழுதும் ஏற்பாடு இருந்தது. எழுதி முடியும் முன்பே ‘அடுத்த கட்டளை என்ன?’ என்று திரை கேட்டுவிடும். வேலை முடிந்தது என்று நம்பி விசையை அணைத்தவர்கள் கோப்புகளை இழந்தார்கள். 6.2 பதிப்பு, தட்டில் எழுதி முடிக்கும் வரை பயனரைக் காக்கவைத்தது. வேகம் போலத் தோன்றியது ஆபத்தாக இருந்தது. தாமதமோ பாதுகாப்பாக அமைந்தது!

இனி நம் காலத்துக்கு வருவோம். ராமாக்கில் ஒரு சதுர அங்குலத்தில் 2000 பிட்டுகள் அடங்கின. இன்றோ ஒரு லட்சம் கோடிக்கும் மேல் அடங்குகின்றன. இவ்வளவு நெருக்கிய பின் ஓர் இடர் எழுந்தது. படிக்கும் முனையை மிகக் குறுகலாகச் செய்யலாம். எழுதும் முனைக்கோ வலுவான காந்தப் புலம் வேண்டும் என்பதால் அதை ஓரளவுக்கு மேல் குறுக்க முடியாது. எனவே பொறியாளர்கள் கூரையில் ஓடு வேயும் உத்தியைக் கையாண்டார்கள். ஒவ்வொரு பாதையும் முந்தைய பாதையின் ஓரத்தை மூடியபடி எழுதப்படும். மூடப்படாத பகுதி குறுகலாக இருந்தாலும் படிக்க அது போதும். 2013இல் சீகேட் நிறுவனம் இத்தகைய தட்டுகளை விற்பனைக்கு அனுப்பியிருந்தது.

ஓட்டுக் கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்றவேண்டுமானால் என்ன செய்வோம்? அதன் மேல் படிந்திருக்கும் ஓடுகளையெல்லாம் எடுத்துத் திரும்ப அடுக்குவோம் அல்லவா? இத்தட்டிலும் அதே கதைதான். ஒரு சிறு பகுதியை அழித்தெழுத, பல மெகாபைட் கொண்ட மண்டலம் முழுவதையும் படித்து மறுபடி எழுதவேண்டும். இந்தத் தாமதத்தை மறைப்பதற்காகத் தட்டிலேயே ஒரு பகுதி தற்காலிகக் கிடங்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிறு வேலைகளில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய கோப்புகளை வரிசையாக அழித்தெழுதினால் கிடங்கு நிரம்பிவிடும். பிறகு தட்டு, தன் ஓடுகளை அடுக்கி முடிக்கும் வரை கணிப்பொறிக்குப் பதில் சொல்லாது. கணிப்பொறியோ பதிலுக்காகக் காத்து நிற்கும். அந்த நிற்றலைத்தான் நாம் ‘ஹேங்’ என்கிறோம்.

வாங்கியவர்களில் பலருக்கு இது தெரியாது. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், தனது ‘ரெட்’ வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள தட்டுகளில் இம்முறை பயன்படுவதை ஒப்புக்கொண்டது. பல தட்டுகளைக் கோத்துச் சேமிக்கும் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்டவை அவை. அப்பெட்டிகளில் சில, பதில் தாமதமான புதிய தட்டைப் பழுது என்று கருதி ஒதுக்கிவிட்டன!

இனி உங்கள் கணிப்பொறிக்கு வருவோம். தட்டின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் காத்திருங்கள்; பத்து நிமிடமானாலும் பரவாயில்லை. மீண்டதும், அழிக்கவிருந்த பழைய கோப்பைத் திறந்து முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போதும் நின்றால், அல்லது ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்டால், அங்கே காந்தப் பூச்சு கெட்டிருக்கலாம். தட்டு அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. முக்கியமானவற்றை உடனே வேறு தட்டுக்கு மாற்றிவிடுங்கள். படிப்பது சீராக நடந்து, சில ஜிகாபைட் எழுதிய பிறகே நின்றால், ஓடு வேய்ந்த தட்டு என்று ஐயப்படலாம். தட்டின் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பாருங்கள். இரண்டுமின்றி, நேரங்காலம் தெரியாமல் நின்றால் கம்பியையும் மின் இணைப்பையும் மாற்றிப் பாருங்கள். செலவு குறைந்த சோதனை அதுதான். உண்மையில் அதை முதலிலேயே செய்துவிடலாம்.

எதுவாயினும், மதிப்புள்ள கோப்பாக இருந்தால் அதே பெயரில் அழித்தெழுத வேண்டாம். இரண்டாவது தட்டில் புதிய பெயரில் எழுதுங்கள். எழுதியதைத் திறந்து பாருங்கள். பிறகு பழையதை நீக்கிவிட்டு, புதியதற்கு அந்தப் பெயரை இடுங்கள். இடம் போதுமானால் பழையதை நீக்காமல் ‘தந்தை’ என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம்.