பிறமொழி ஆசிரியரின் பணியூக்கம்

பிறமொழி ஆசிரியரின் பணியூக்கம் என்பது, மாணவருக்குத் தாய்மொழியல்லாத மொழியைக் கற்பிப்போரை அப்பணிக்கு ஈர்த்து, அதில் நிலைக்கச் செய்யும் காரணிகளைக் குறிக்கும்.

அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் டான் லோர்ட்டி, மாணவரின் முன்னேற்றத்தைக் காண்பதில் கிடைக்கும் மனநிறைவே அவர்களுக்கு முதன்மையான வெகுமதி என 1975 இல் எழுதினார். மொழி வகுப்பில் இது கண்கூடு. ஒரு சொல்லும் அறியாமல் வந்தவர் சில மாதங்களில் அம்மொழியிலேயே வினா எழுப்புவார்.

எனினும் இவ்வூக்கம் எளிதில் சிதையக்கூடியது. மன அழுத்தம், தன்னுரிமைக் குறைவு, ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் சலிப்பு, பதவி உயர்வின்மை ஆகியவற்றை மொழியியலாளர் சோல்டான் டோர்னியெய் காரணங்களாகச் சுட்டினார். ஜப்பானில் 1987 இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் கீழ் வெளிநாட்டவர் பள்ளிகளில் துணை மொழி ஆசிரியர்களாக அமர்த்தப்படுகின்றனர். ஒப்பந்தம் ஓராண்டுக்கானது, நீட்டித்தாலும் மொத்தம் ஐந்தாண்டுகளே. பணியில் நன்கு தேர்ந்தவரும் அதன்பின் அத்திட்டத்தில் தொடர இயலாது.