போர் முடிந்த பின் விழும் அடி

வாசகர்களே, இரண்டு வீரர்கள் மோதிக் கொள்ளும் வீடியோ விளையாட்டு ஒன்றை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். திரையின் மேற்புறத்தில் இருவருக்கும் தனித்தனியே ஒரு பட்டை. அடி விழ விழப் பட்டை குறைகிறது. முழுதும் தீர்ந்தவன் தோற்றவன். போட்டி அத்துடன் முடிந்து விட வேண்டும் அன்றோ? ஆனால் ஒரு விளையாட்டில் மட்டும் அவ்வாறு முடிவதில்லை. தோற்றவன் கீழே விழாமல் தள்ளாடிக் கொண்டு நிற்கிறான். திரை இருள்கிறது. "அவனை முடித்து விடு" என்று ஆங்கிலத்தில் ஒரு கனத்த குரல் ஆணையிடுகிறது. வென்றவனுக்குச் சில நொடிகளே அவகாசம். அதற்குள் சரியான பொத்தான்களைச் சரியான வரிசையில் அழுத்தி விட்டால், எதிராளியின் இதயம் பிடுங்கப்படுகிறது. அல்லது தலை, முதுகெலும்போடு உருவப்படுகிறது. இதற்கு ஃபேட்டாலிட்டி என்று பெயர். அந்த விளையாட்டு, 1992-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மிட்வே நிறுவனம் வெளியிட்ட மார்ட்டல் காம்பாட்.

வகுப்பு முடிந்த பின் மாணவர்கள் கைப்பேசியில் இதைக் காட்டி, "சார், இதையெல்லாம் தடை செய்ய வேண்டாமா?" என்று கேட்பதுண்டு. இயற்பியல் ஆசிரியனிடம் கேட்கத் தக்க கேள்விதானா என்று தோன்றலாம். ஆனாலும் இதன் வரலாறு சுவையானது. அவ்வரலாற்றின் மிகப் பழைய பக்கம் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் இயந்திரத்தின் கதையைக் காண்போம். வீடியோ விளையாட்டின் கொடூரத்தைப் பற்றிய கூச்சல் 1976-லேயே எழுந்தது. எக்ஸிடி நிறுவனத்தின் டெத் ரேஸ் என்ற விளையாட்டில் காரை ஓட்டிச் சிறு உருவங்களை மோத வேண்டும். உருவங்களோ சில புள்ளிகளால் ஆன குச்சி மனிதர்கள். அதற்கே அவ்வளவு கண்டனம். 1987-ல் லண்டனின் பேலஸ் நிறுவனம் பார்பேரியன் என்ற வாட்போர் விளையாட்டை வெளியிட்டது. அதில் ஒரே வீச்சில் எதிரியின் தலையைக் கொய்யலாம். குள்ளப் பூதம் ஒன்று வந்து அந்தத் தலையை உதைத்துத் தள்ளும். ஆனால் அந்த வீச்சு போரின் ஒரு பகுதி. வெற்றியைத் தருவதே அதுதான்.

போர் முடிந்த பின் அடிப்பது என்ற எண்ணம் பிறந்த விதம் வேடிக்கையானது. 1991-ல் வெளிவந்த ஜப்பானின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டில் அடுத்தடுத்து அடி வாங்கியவன் தலைசுற்றி நிற்பான். அப்போது எதிராளி தடையின்றி ஓர் அடி கொடுக்கலாம். மார்ட்டல் காம்பாட்டின் நிரலை எழுதிய எட் பூனுக்கு, ஆட்டத்தின் நடுவே இப்படிச் செயலற்று நின்று அடி வாங்குவது எரிச்சலைத் தந்தது. ஆகவே தலைசுற்றலை ஆட்டத்தின் கடைசிக்குத் தள்ளி விட்டார்கள். தோல்வி முடிவாகி விட்ட பின் விழும் அடி யாருக்கும் நட்டம் இல்லை; அப்படியானால் அதை எவ்வளவு கோரமாகவும் ஆக்கலாம். இந்தத் தர்க்கத்தைக் கவனியுங்கள். பயனற்ற அடி என்பதால்தான் அதற்கு எல்லை இல்லாமல் போயிற்று.

ஓவியர் ஜான் டோபியாஸ் உள்ளிட்ட நால்வரே கொண்ட சிறு குழு, ஒரு வருடத்துக்கும் குறைந்த காலத்தில் இதை உருவாக்கியது. படம் வரைவதற்குப் பதிலாக, தற்காப்புக் கலை தெரிந்த நடிகர்களை வீடியோ கேமராவின் முன் நிறுத்தி, ஒவ்வொரு அசைவையும் பதிந்து, தேர்ந்தெடுத்த படங்களைக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். உதை வாங்குவது கார்ட்டூன் அன்று, மனிதன் என்ற உணர்வு அதனால்தான் வந்தது. அன்று நினைவகச் சில்லுகளின் விலை அதிகம். எனவே சிக்கனமும் தேவைப்பட்டது. மஞ்சள் உடை வீரன், நீல உடை வீரன், பச்சை உடை வீரன் மூவரும் ஒரே நடிகர்தான். கணிப்பொறி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைச் சேமிப்பதில்லை; ஓர் எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனி அட்டவணையில் இருக்கும். அட்டவணையை மாற்றினால் அதே படம் வேறு ஆளாகி விடும்!

இவ்விடத்தில் இயற்பியலையும் சற்றுத் தொட்டு விடுவோம். ஒரு குத்தில் தலை பறப்பதாகக் காட்டுகிறார்களே, அது நடக்குமா? 1985-ல் இங்கிலாந்தில், உலகத் தரவரிசையில் இருந்த ஒரு குத்துச்சண்டை வீரரின் குத்தை அளந்தபோது உச்ச விசை ஏறத்தாழ 4,100 நியூட்டன் இருந்தது. மூளை குலுங்கி மயக்கம் வரப் போதுமான விசைதான். கழுத்தின் எலும்பையும் தசையையும் நாரையும் அறுத்தெறிய அது காணாது. முதுகெலும்பை உருவி எடுப்பதோ வெறும் கற்பனை. கதாயுதத்தின் கதை வேறு. 10 கிலோகிராம் கதை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்து தொடையில் பட்டு, 5 மில்லி நொடியில் நின்று விடுகிறது என்று கொள்ளுங்கள். உந்தம் 100 அலகு, அதை 0.005 ஆல் வகுத்தால் சராசரி விசை 20,000 நியூட்டன். குறுக்கே வரும் சில ஆயிரம் நியூட்டனிலேயே தொடை எலும்பு முறிந்து விடும். பீமனின் அடி இயற்பியலுக்குப் பொருந்துகிறது. பீமனை ஏன் இழுத்தேன் என்பது சிறிது நேரத்தில் விளங்கும்.

1993 செப்டம்பர் 13 அன்று மார்ட்டல் காம்பாட் வீடுகளுக்குள் நுழைந்தது. நிண்டெண்டோ நிறுவனம் தன் கருவியில் இரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றி, கொலைகளையும் மென்மையாக்கிற்று. சேகா நிறுவனத்தின் கருவியிலோ ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று பொத்தான்களை அழுத்தினால் முழு இரத்தமும் திரும்பி வந்தது. சேகாவின் பதிப்பே அதிகம் விற்றது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று அமெரிக்கச் செனட்டில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் ஆகியோர் விசாரணை நடத்தினர். அரசு சட்டம் இயற்றி விடுமோ என்று அஞ்சிய நிறுவனங்கள் தாமே 1994-ல் வயதுத் தரம் பிரிக்கும் குழு ஒன்றை அமைத்துக் கொண்டன. பிறகு கலிபோர்னியா மாநிலம் சிறுவருக்கு வன்முறை விளையாட்டு விற்பதைத் தடுக்க ஒரு சட்டம் செய்தது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா கூறிய காரணங்களுள் ஒன்று: குழந்தைகளுக்கு நாம் சொல்லும் பழங்கதைகளிலும் கொடூரம் நிறையத்தான் இருக்கிறது, ஹோமரின் காவியத்தில் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்திக் குருடாக்குகிறார்கள்.

"பழைய கதையிலும் உண்டு" என்ற இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும்? சோதித்துப் பார்க்க நாம் கிரேக்கம் போக வேண்டியதில்லை. அனந்தபுரத்திலிருந்து செஞ்சிப் பக்கம் போனாலே போதும். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் மூல இடமாகப் பலர் கொள்கின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இப்பகுதியில் ஆய்வு செய்து 1988-ல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். இங்குள்ள ஊர்களில் கோடைக் காலத்தில் பாரத விழா நடக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசி இரவு பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம்.

திடலில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். மண்ணைக் குழைத்துச் செய்த உருவம். நாற்பது, ஐம்பது அடி நீளம், சில ஊர்களில் அதற்கும் மேல். மார்பும் கையும் கிரீடமும் மண்ணிலேயே எழுந்து நிற்க, வண்ணப் பொடியால் கண்ணும் மீசையும் தீட்டியிருப்பார்கள். இரவெல்லாம் ஆடிய களைப்போடு பீம வேடக்காரரும் துரியோதன வேடக்காரரும் அதைச் சுற்றி ஓடுகிறார்கள், மேலே ஏறிப் பொருதுகிறார்கள். பீமனால் வெல்ல முடியவில்லை. கண்ணன் தன் தொடையைத் தட்டிக் குறிப்புக் காட்டுகிறான். கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. பீமன் அடிக்கிறான். மண் தொடையினுள் மறைத்து வைத்த சிவப்பு நீர் வெளிப்படுகிறது. அதைத் தொட்டு, பாஞ்சாலியின் விரிந்த கூந்தலை முடிக்கிறார்கள்.

பார்ப்பவர் கண்ணுக்கு இதுவும் ஒரு ஃபேட்டாலிட்டிதான். பதினெட்டு நாள் போர் தீர்ந்து, படையெல்லாம் அழிந்த பின் விழும் அடி. விதியை மீறிய அடி. இரத்தத்தைக் காட்டியே தீரும் அடி. நீதிபதி சொன்னது சரியென்றே இதுவரை தோன்றும்.

ஆனால் அந்த அடிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னால், துகிலுரிந்த சபையில் செய்த சபதம் இருக்கிறது. ஊர் மக்கள் அதைச் சில இரவுகளுக்கு முன்னர்தான் கண்டார்கள். அந்தத் துகிலுரியும் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டுபவர், சேலையில் கை வைக்குமுன் வேடத்தை விட்டு விலகி, கற்பூரம் ஏற்றி வணங்கி மன்னிப்புக் கேட்பது பல குழுக்களில் வழக்கம். நான் செய்வது நடிப்பு, பிழை பொறுக்க வேண்டும் என்று நடிகரே சொல்லி விட்டுத்தான் கொடுமையைத் தொடங்குகிறார். பின்னாலோ, ஓர் அழுகை இருக்கிறது. துரியோதனனின் மனைவி பெருந்திருவாளோ, சில ஊர்களில் தாய் காந்தாரியோ, முறமும் துடைப்பமும் ஏந்தி வந்து அந்த மண் உடலைச் சுற்றி மாரடித்து ஒப்பாரி வைப்பாள். ஆண் நடிகர் பெண் வேடமிட்டுப் பாடுவதுதான். ஆயினும் அவ்வாண்டு வீட்டில் சாவு கண்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக் கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். வில்லனுக்காக அழுகிறார்கள்! பிறகு உருவத்தின் மண்ணை ஆளுக்கொரு பிடி வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். மாலையில் தீமிதி.

இதைச் சொல்வதால் நம் விழா குறையற்றது என்று நான் கூற வரவில்லை. களத்தைச் சுற்றி எல்லோரும் சமமாக நின்றதில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் பட்டியல் சமூகத்தார் நுழைவதைத் தடுத்த தகராறால், 2023 ஜூனில் அவ்வூர்த் திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டனர்; நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மார்ச்சில்தான் கதவு திறந்தது. ஒப்பாரியில் எல்லோரையும் சேர்த்துக் கொள்ளும் சடங்கு, வாசலில் சேர்த்துக் கொள்ளவில்லை.

விளையாட்டு செய்தது என்ன? சபதத்தையும் ஒப்பாரியையும் வெட்டி விட்டு, நடுவில் உள்ள அடியை மட்டும் எடுத்துக் கொண்டது. கதை என்று ஒன்று அதிலும் உண்டு. ஆடுபவருக்கு அது பொருட்டன்று. தலை விழுந்ததும் அடுத்த ஆட்டம். உருவாக்கியவர்களுக்கே இது உறுத்தியது போலும். கண்டனங்களுக்கிடையே 1993-ல் வந்த இரண்டாம் பாகத்தில், கொல்வதற்குப் பதிலாக எதிரிக்குப் பரிசு கொடுப்பது போன்ற 'நட்பு' முடிவுகளையும், அவனைக் குழந்தையாக்கி விடும் முடிவையும் சேர்த்தார்கள். அதில் பாதி கேலி. 2019-ல் வந்த பதினோராம் பாகத்தில் வேலை செய்த ஒருவர், தசையும் எலும்பும் அசலைப் போல வர வேண்டும் என்பதற்காக நாள்தோறும் உண்மையான கோரப் படங்களைப் பார்த்ததால் மன அதிர்ச்சி நோய்க்கு ஆளானதாக, பெயரை வெளியிடாமல் ஒரு செய்தித் தளத்திடம் கூறினார். துச்சாதன வேடக்காரருக்குக் கற்பூரம் இருந்தது. இவருக்கு ஒன்றும் இல்லை.

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். இத்தகைய விளையாட்டு ஆடுபவர்கள் கொலைகாரர் ஆவார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் தெரிவித்தது. கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு முரட்டுத்தனம் ஓரளவு கூடுவதுண்டு என்றும் அதே அறிக்கையில் கூறியது. ஆகவே தடை என்பது என் விடை அன்று. பெரியவர்கள் ஆடட்டும், பன்னிரண்டு வயதுப் பையன் கையில் கொடுக்குமுன் வீட்டார் ஒருமுறை முழுதும் பார்க்கட்டும்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. இப்போது படுகளத்துக்கு வரும் இளைஞர்கள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி தொடை அடிக்காகக் காத்து நிற்கிறார்கள். சிவப்பு நீர் தெறித்ததும் படம் பிடித்தாயிற்று, கூட்டம் கலைகிறது. என் மாணவர்கள் அனுப்பிய அரை நிமிடப் படங்களில் சபதமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை, அடி மட்டுமே இருக்கிறது. அடுத்த கோடையில் உங்கள் ஊர்ப் பக்கம் படுகளம் நடந்தால், அடி விழுந்த பின்னும் அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். முறத்தோடு அந்த அம்மாள் வருவது அதற்குப் பிறகுதான்.