கவுஞ்சிக் காற்றும் கிரெசால் சிவப்பும்: கரியமில வாயு நிறங்காட்டியின் வரலாறு

சுண்ணாம்பு நீருக்குள் மூச்சை ஊதினால் அது பால் போல் மாறும் என்பதைப் பள்ளிக்கூடம் போன எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சோதனை கரியமில வாயு இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். வெயிலில் வைத்த இலை அந்த வாயுவை உறிஞ்சியதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. கூடுவதையும் குறைவதையும் சேர்த்துக் காட்டுவது ஹைட்ரஜன் கார்பனேட் (பைகார்பனேட்) நிறங்காட்டி. வெளிக்காற்றோடு சமநிலையில் இருக்கும்போது அது சிவப்பு, வாயு மிகுந்தால் ஆரஞ்சாகி மஞ்சளுக்கு வரும், குறைந்தால் ஊதாவாகும். இந்தக் கரைசல் உருவான வழியைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. இதற்கென்று நிலையான தொடக்கப்புள்ளி கிடையாது. அது எந்த ஊர்க் காற்றில் தயாராகிறதோ அந்த ஊரே அதன் தொடக்கப்புள்ளி. கொடைக்கானல் மேல்மலையிலுள்ள கவுஞ்சி போன்ற ஊருக்கு இது ஏட்டளவில் நிற்கும் விஷயமல்ல.

அமிலத்தையும் காரத்தையும் தாவரச் சாறுகளின் நிறமாற்றத்தால் பிரித்தறியும் முறையை ராபர்ட் பாயில் 1664இல் நிறங்கள் பற்றிய தம் நூலில் விரிவாக எழுதினார். எடின்பரோவின் ஜோசப் பிளாக் 1756இல் வெளியிட்ட ஆய்வில் ‘நிலைத்த காற்று’ என்று ஒன்றைத் தனியே அடையாளம் காட்டினார். இன்றைய கரியமில வாயு அதுதான். சுண்ணாம்பு நீர்ச் சோதனையின் வேரும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பாயிலின் நிறமும் பிளாக்கின் வாயுவும் ஒரே குடுவைக்குள் சேர இன்னொரு நூற்றாண்டு ஆயிற்று.

சேர்த்தவர் மியூனிக்கின் மேக்ஸ் வான் பெட்டன்கோபர். குடியிருப்புகளின் காற்றோட்டம் பற்றி 1858இல் எழுதிய ஆய்வில், ஓர் அறையின் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார். கட்டடக் காற்றைப் பற்றிப் பேசுவோர் இன்றும் எடுத்தாளும் எண் அது. அளந்த முறையும் எளிது. பெரிய புட்டியில் அறைக் காற்றை நிரப்பி, பேரைட்டா நீர் என்னும் காரக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, வாயு தின்றது போக மிஞ்சிய காரத்தை ஆக்சாலிக் அமிலத்தால் தரம்பார்த்தார். காரம் தீர்ந்ததை அவருக்குச் சொன்னது மஞ்சள் தாள். நம் சமையலறை மஞ்சளில் தோய்த்த தாளேதான். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் செக்கச்செவேலென்று ஆகிறதே, அதே வேதியியல். அந்தத் தட்டைத் திறந்தே வைத்திருந்தால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சுண்ணக்கல்லாகிவிடும். சிவப்பு மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும். இதை வைத்துக்கொண்டு எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று முழங்க வேண்டியதில்லை. நிறமாற்றத்தைக் கண்டது வேறு, அதைக் கொண்டு காற்றை அளந்தது வேறு; இரண்டாவது பெட்டன்கோபரின் உழைப்பு.

அடுத்த கட்டம் செயற்கைச் சாயங்களுடையது. அடால்ப் வான் பேயர் 1871இல் பினால்ப்தலீனை உருவாக்கினார். 1877இல் அது நிறங்காட்டியாகப் பயனுக்கு வந்தது. டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் அமில, காரத் தன்மையை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவுகோலைத் தந்தார். அளவுகோல் வந்த பிறகு ஒவ்வொரு சிறு இடைவெளிக்கும் பொருத்தமான சாயம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் மேன்ஸ்பீல்டு கிளார்க், ஹெர்பர்ட் லப்ஸ் இருவரும் 1915 தொடங்கி வெளியிட்ட கட்டுரைகள் அந்த வரிசையைத் தந்தன. பாலிலும் நுண்ணுயிர்க் கரைசல்களிலும் அமிலத்தன்மையை அளப்பதே கிளார்க்கின் அக்கறை. கரியமில வாயு அவர் நினைவிலேயே இருந்திருக்காது. ஆயினும் நம் கரைசலுக்கு வேண்டிய கிரெசால் சிவப்பும் தைமால் நீலமும் அந்த வரிசையில்தான் வந்தன. முன்னது 7.2க்கும் 8.8க்கும் இடையே மஞ்சளிலிருந்து சிவப்புக்கும், பின்னது 8.0க்கும் 9.6க்கும் இடையே மஞ்சளிலிருந்து நீலத்துக்கும் மாறும். தைமால் நம் ஓமத்துக்கு மணம் தரும் பொருள். முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனி அதைப் பிரித்தெடுக்க இந்தியாவிலிருந்து ஓமத்தை இறக்குமதி செய்துவந்தது.

தாவரவியலாளர்கள் 1918இல் உள்ளே வருகிறார்கள். ஆஸ்டர்ஹவுட்டும் ஹாஸும் உல்வா என்னும் கடற்பாசியைப் பினால்ப்தலீன் கலந்த கடல்நீரில் மூடிவைத்து வெயிலில் காட்டினர். பாசி வாயுவை இழுக்க இழுக்க நீர் காரமாகி இளஞ்சிவப்பாயிற்று. குறிப்பிட்ட நிறத்தை எட்ட ஆகும் நேரமே ஒளிச்சேர்க்கையின் அளவு. பிறகு 1930களில் பின்லாந்தின் கவுக்கோ, பைகார்பனேட் கரைசலைக் காற்றோடு சமநிலைக்குக் கொண்டுவந்து, அதன் பி.எச். மூலம் காற்றிலுள்ள வாயுவைக் கணக்கிட்டார். பிரிட்டனின் நஃபீல்டு உயிரியல் பாடத்திட்டம் 1960களில் இந்த நிறங்காட்டியைப் பள்ளி மேசைக்குக் கொண்டுவந்தது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் இன்றும் இருக்கிறது.

செய்முறை இதுதான்: தைமால் நீலம் 0.2 கிராம், கிரெசால் சிவப்பு 0.1 கிராம் இரண்டையும் 20 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்து, சோடியம் பைகார்பனேட் 0.84 கிராம் சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டராக்க வேண்டும். பயன்படுத்தும்போது பத்து மடங்கு நீர்க்கச் செய்து, மீன்தொட்டிப் பம்பால் வெளிக்காற்றைச் செலுத்த வேண்டும். நிறம் சிவப்பில் நிலைத்தால் தயார். சோதனைக் குழாயையும் அதே கரைசலால் அலசுவது முக்கியம்; கழுவிய நீரின் துளி அமிலம் போதும், முடிவு பாழ்.

வெளிக்காற்று என்கிறோமே, எந்த ஊர் வெளிக்காற்று? கரைசல் உணர்வது காற்றில் வாயுவின் விகிதத்தை அல்ல. அதன் பகுதி அழுத்தத்தை. கவுஞ்சியின் உயரத்தை ஏறத்தாழ 2000 மீட்டர் என்று கொண்டால், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விகிதம் சென்னையிலும் கவுஞ்சியிலும் ஒன்றாகவே இருந்தாலும், கரைசலை அழுத்தும் வாயு கவுஞ்சியில் குறைவு. அதே வெப்பநிலையில் கணக்கிட்டால் பி.எச். 0.1 அளவு கூடும். நிறம் ஊதாப் பக்கம் சற்றே சாயும். மலைக்குளிர் இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும், குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரைவதால். ஆக, சமவெளியில் அச்சடித்த நிற அட்டையை மலையில் அப்படியே நம்ப முடியாது.

காலமும் அதே வேலையைச் செய்திருக்கிறது. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. நஃபீல்டு காலத்தில் 320. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றம் மட்டுமே கரைசலின் பி.எச்.ஐ 0.12 இறக்கப் போதுமானது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பான முடிவு கிடைக்கிறது. இன்றைய கவுஞ்சியில் வாயுவின் பகுதி அழுத்தம், 1970களின் பிற்பாதியில் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்ததற்கு ஏறக்குறையச் சமம். வெப்பநிலை ஒன்றே என்று கொண்டால், அன்றைய கடலோரச் சிவப்பை இன்று காண மேல்மலைக்கு ஏற வேண்டும்!

மேல்மலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கிய நிற அட்டையை ஒதுக்கிவிட்டு, உங்கள் ஊர்க் காற்றிலேயே ஒப்பீட்டுக் கரைசலைத் தயாரியுங்கள். விறகடுப்புப் புகை எட்டாத இடத்தில், பிற்பகலில் செய்யுங்கள். விடிகாலையில் வேண்டாம், இரவெல்லாம் மண்ணும் பயிரும் விட்ட வாயு பள்ளத்தாக்கில் தேங்கியிருக்கும். புட்டியின் மேல் ஊர், உயரம், வெப்பநிலை, தேதி நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.